சொன்ன நேரமும் வந்த நேரமும்

நேர்முகப் பரீட்சை என்றதும் அது வங்கிக்கும் அரசாங்கக் கந்தோருக்கும் உரிய விடயம் என்றே நமது வியாபாரிகளில் பலர் நினைக்கிறார்கள். நான்கு பேர் வேலை செய்யும் கடைக்கு ஐந்தாவதாக ஒருவரை எடுப்பதற்கு முன் அவரை வரச் சொல்லி, எதிரில் உட்கார வைத்து, எங்கே படித்தீர்கள், முன்னர் எங்கே வேலை செய்தீர்கள், ஏன் விட்டீர்கள் என்று கேட்கிறோமே, அதுவும் நேர்முகப் பரீட்சைதான். காசு மேசைக்குப் பக்கத்தில் நின்றபடி நடந்தாலும் அதற்குப் பெயர் அதுதான். வருகிறவர் வாயைத் திறப்பதற்கு முன்பே அவரைப் பற்றி ஒரு முடிவுக்கு நாம் வந்துவிடுகிறோம், அவர் எத்தனை மணிக்கு வந்தார் என்பதைக் கொண்டு.

இதைப் பற்றி எழுத வேண்டும் என்று கொஞ்ச நாளாகவே நினைத்திருந்தேன். நமது கடைகளுக்கு நம்பிக்கையான ஆள் கிடைப்பது முன்னரைப் போல் இலகுவாக இல்லை. தேடி வந்த நல்ல ஆளை நேரக் கணக்கில் பிழைவிட்டு இழந்துவிட்டு, பிறகு ஆறு மாதம் ஆள் தேடுகிறோம். மறுபக்கத்தில் நமது பிள்ளைகளில் பலர் வாப்பாவின் கடைக்கு வருவதில்லை. வங்கிகளுக்கும் கணக்காய்வு நிறுவனங்களுக்கும் கணினிக் கம்பனிகளுக்கும் விண்ணப்பம் போடுகிறார்கள். அந்த வாசல்களில் நமது கடையின் பெயர் உதவாது. ஆகவே மேசைக்கு இந்தப் பக்கம் இருக்கும் முதலாளியாகவும், அந்தப் பக்கம் உட்காரப்போகும் பிள்ளையின் தகப்பனாகவும் இருந்து இதை வாசியுங்கள்.

முதலில் நாம் நேரம் சொல்லும் விதத்தைப் பார்ப்போம். "பத்து மணி போல வாங்க தம்பி" என்கிறோம். இந்த 'போல' என்ற சொல் எத்தனை நிமிடம் என்று யாருக்கும் தெரியாது. வருகிறவர் 10.35க்கு வந்தால் முகத்தைச் சுளிக்கிறோம். "அஸருக்குப் பொறகு வாங்க" என்று சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நமது நாட்டில் அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில் இரண்டரை மணித்தியாலத்துக்கு மேல் இருக்கிறது. நான்கு மணிக்கு வருகிறவரும் சொன்ன நேரத்தில் வந்தவர்தான், ஐந்தரைக்கு வருகிறவரும் சொன்ன நேரத்தில் வந்தவர்தான். தெளிவாகச் சொல்லாத மணியை வைத்துக்கொண்டு ஒருவரின் குணத்தை அளப்பது நியாயமாகாது. நிறுவை சரியில்லாத தராசில் சாமான் நிறுத்துக் கொடுத்தால் வாடிக்கையாளர் சும்மா விடுவாரா?

1996 மே மாதத்தில் நாட்டின் கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்னால் தள்ளினார்கள். அதே ஆண்டு ஒக்டோபரில் அரை மணித்தியாலம் பின்னால் எடுத்தார்கள். மீதி அரை மணித்தியாலத்தையும் 2006 ஏப்ரலில் குறைத்துப் பழைய இடத்துக்கே கொண்டு வந்தார்கள். அந்தப் பத்து வருடத்தில் யாராவது நேரம் சொன்னால் "புதிய நேரமா, பழைய நேரமா?" என்று திருப்பிக் கேட்கும் பழக்கம் எங்களுக்கு இருந்தது. தொல்லையான காலம்தான். ஆனால் கேட்டு உறுதிப்படுத்திக் குறித்துக்கொள்ளும் அந்தப் பழக்கம் நல்ல பழக்கம். கடிகாரம் பழைய இடத்துக்கு வந்ததோடு அந்தப் பழக்கமும் போய்விட்டது.

ஆகவே ஆளை வரச் சொல்லும்போது கிழமையையும் திகதியையும் மணியையும் சேர்த்துச் சொல்லுங்கள். 'செவ்வாய்க்கிழமை 14ஆம் திகதி காலை 10.20' என்று சொல்லி, அதையே ஒரு குறுஞ்செய்தியாகவும் அனுப்பிவிடுங்கள். பத்து இருபது என்று துண்டாகச் சொல்லும்போது கேட்கிறவருக்கு ஒரு விடயம் விளங்கும். இந்தக் கடையில் 10.00க்கு வேறொருவர் வருகிறார், 10.40க்கு இன்னொருவர் வருகிறார், தனக்கென்று இருபது நிமிடம் ஒதுக்கியிருக்கிறார்கள் என்று. அவரும் அதற்கேற்ப வருவார்.

இனி வருகிறவரின் பக்கம். எத்தனை நிமிடம் முன்னதாக வர வேண்டும்? என் கணக்கு பத்து நிமிடம். முகத்தைக் கழுவி மூச்சு வாங்க ஐந்து நிமிடம், பேரைச் சொல்லி உட்கார ஐந்து நிமிடம். கால் மணித்தியாலம் என்றாலும் பரவாயில்லை. அதற்கு மேல் போனால் சங்கடம் தொடங்குகிறது. முக்கால் மணித்தியாலம் முந்தி வந்து உட்கார்ந்தால், நேரம் வைத்தவர் தான் செய்துகொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு வர வேண்டுமோ என்று அந்தரப்படுவார். கடை என்றால் இன்னொரு சிக்கலும் உண்டு. கடைக்குள் நடப்பதெல்லாம் வெளியாள் கேட்கக் கூடியதல்ல. திரும்பிய செக் ஒன்றைப் பற்றி ஒருவர் வந்து சத்தம் போடுவார், கம்பனிப் பிரதிநிதி பாக்கி கேட்பார். வேலைக்கு வந்த பிள்ளை மூலையில் உட்கார்ந்து அதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தால் இரண்டு தரப்புக்கும் கூச்சம்.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். ஊருக்குள் முந்தி வருவது வேறு, வாசலுக்கு முந்தி வருவது வேறு. கொழும்புக்கு இரண்டு மணித்தியாலம் முந்தி வாருங்கள், அது புத்தி. வாசலுக்குப் பத்து நிமிடம் முந்தி வாருங்கள். இடையில் உள்ள நேரத்தைப் பள்ளிவாசலிலோ தேநீர்க் கடையிலோ கழியுங்கள்.

கொழும்பில் இருப்பவர்களுக்கு இதைச் சொல்வது இலகு. வெளியூர்ப் பிள்ளைகளின் நிலைமை வேறு. எங்கள் கடைக்குக் களஞ்சியப் பொறுப்பாளர் ஒருவரை எடுக்க ஐந்து பேரை வரச் சொல்லியிருந்தோம். ஒருவருக்கு 11 மணி. காலை எட்டரைக்கு நான் கடை திறக்க வந்தபோது, எதிர்ப்பக்கக் கடையின் படியில் ஓர் இளைஞர் பைலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இழுவை வண்டிக்காரர்கள் சத்தம் போடும் ஒவ்வொரு முறையும் எழுந்து ஒதுங்கி நின்று மறுபடியும் உட்கார்ந்தார். கூப்பிட்டுக் கேட்டேன்.

"தம்பிக்கு எத்தனை மணிக்கு வரச் சொன்னோம்?"

"பதினொரு மணிக்கு சேர். பஸ் நாலரைக்கே வந்திட்டு. போறதுக்கு எடமில்ல, அதான் இஞ்சயே நிண்டன்."

அக்கரைப்பற்றிலிருந்து இரவு பஸ்ஸில் வந்திருக்கிறார். தொலைபேசியில் பேசியபோது நாங்கள் எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டிருந்தோம். தெமட்டகொடையில் மாமா வீட்டில் தங்கியிருப்பதாகச் சொல்லியிருந்தார். தூரத்து ஆள் என்று தெரிந்தால் கூப்பிட மாட்டார்களோ என்ற பயம். சுபஹ் தொழுதுவிட்டு ஏழு மணியிலிருந்து அந்தப் படியில் இருக்கிறார்.

எங்கள் கணக்குப்பிள்ளை அனுபவசாலி, என்னைவிட மூத்தவர். என்னை உள்ளே கூப்பிட்டு மெதுவாகச் சொன்னார். "முதலாளி, இந்தப் பொடியனுக்கு வேல ரொம்ப அவசரம் போல. ஐயாயிரம் கொறச்சிப் பேசினாலும் வருவான்."

"சம்பளம் நேத்தே பேசி வச்சது நானா. யார் வந்தாலும் அதுதான்" என்றேன்.

கணக்குப்பிள்ளையில் குறை சொல்லி வேலையில்லை. சந்தையில் எல்லோரும் அப்படித்தான் யோசிக்கிறோம். முந்தி வந்து நிற்கிறவன் தேவையுள்ளவன், தேவையுள்ளவனிடம் விலை பேசலாம் என்று. சாமான் வாங்கும்போது அந்தக் கணக்கு சரியாக இருக்கலாம். களஞ்சியத்தின் சாவியைக் கொடுக்கப் போகும் ஆளிடம் அந்தக் கணக்கைப் போட்டால், அவர் மூன்றாம் மாதத்தில் பக்கத்துக் கடைக்காரன் தருவதைத் தெரிந்துகொள்வார், நான்காம் மாதத்தில் போய்விடுவார். போகாமல் இருந்தால் அது இன்னும் ஆபத்து.

அந்த இளைஞரை முதலில் கூப்பிட்டுப் பேசி முடித்தோம். அவருக்கு அந்த வேலை கிடைக்கவில்லை. களஞ்சியத்துக்கு வரும் பில்களில் முக்கால்வாசி சிங்களத்தில் எழுதியவை. அவருக்குச் சிங்களம் பேசவே சிரமமாக இருந்தது, வாசிக்க வராது. அதை அன்றைக்கே அவரிடம் சொல்லி, வந்து போகும் பஸ் காசைக் கொடுத்து அனுப்பினோம். பஸ் காசு கொடுப்பதைத் தர்மமாக நினைக்காதீர்கள். நாம் கூப்பிட்டதால் ஏற்பட்ட செலவு அது. பெரிய கம்பனிகளிலும் சிலர் கொடுக்கிறார்கள்.

இதிலிருந்து வேலை தேடும் பிள்ளைகளுக்கு ஒரு சொல். எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டால் மறைக்காதீர்கள். அக்கரைப்பற்று என்று சொல்லியிருந்தால் அவருக்கு ஒன்பது மணியைக் கொடுத்திருப்போம். பகல் பஸ்ஸைப் பிடித்து இரவு படுக்க ஊருக்குப் போயிருப்பார். சிங்களம் வாசிக்க வருமா என்ற கேள்வியையும் தொலைபேசியிலேயே பேசி முடித்திருக்கலாம். முதலாளிமாரும் நேரம் வைக்கும்போது ஊரைப் பார்த்து வையுங்கள். இரவு பஸ்ஸில் வருகிறவருக்கு முதல் நேரம். மாவனல்லையிலிருந்தோ பேருவளையிலிருந்தோ காலையில் புறப்பட்டு வருகிறவருக்குப் பத்தரைக்குப் பிறகு. கொழும்பில் இருப்பவருக்கு எந்த நேரமும்.

முந்தி வருவதே சரியாக இருக்கும் இடமும் ஒன்றுண்டு. வெளிநாட்டு வேலைக்கு ஏஜென்சிகள் ஒரே நாளில் நூறு பேரைக் கூப்பிட்டு, வந்த வரிசைப்படி நம்பர் கொடுத்துப் பார்க்கும் நேர்முகப் பரீட்சைகள். அங்கே எட்டு மணி என்றால் எட்டு மணிக்கு வாசல் திறக்கும் என்று மட்டும்தான் அர்த்தம். கம்பனிக்காரர் பதினொரு மணிக்கு வந்தாலும் வருவார். அதற்குப் போகிறவர் விடியலிலேயே போய் வரிசையில் நிற்கட்டும், சாப்பாட்டையும் தண்ணீரையும் கையில் கொண்டு போகட்டும். அந்தப் பழக்கத்தை அப்படியே ஒரு கம்பனியின் வரவேற்பு மேசைக்குக் கொண்டு போகக் கூடாது.

கம்பனி வாசலின் கணக்கு வேறு. எச்சலன் சதுக்கத்தில் உள்ள உலக வர்த்தக மையம் போன்ற கட்டடத்தில் 9.30க்கு நேர்முகப் பரீட்சை என்றால், 9.20க்குக் கீழ்வாசலில் நிற்பவர் பிந்தியவர்தான். பாதுகாப்பு ஊழியர் தேசிய அடையாள அட்டையைக் கேட்பார், பெயரைப் பதிவார், பையைப் பார்ப்பார், மேலே தொலைபேசியில் கேட்பார். பிறகு லிஃப்டுக்கு வரிசை. காலையில் இதற்கே கால் மணித்தியாலம் போய்விடும். அடையாள அட்டையை வீட்டில் விட்டுவிட்டு வந்தவர் வாசலிலேயே நின்று கெஞ்ச வேண்டியதுதான். ஆகவே பெரிய கட்டடங்களுக்குக் கீழ்வாசலில் 25 நிமிடம் முந்தி, மேலே வரவேற்பு மேசையில் 10 நிமிடம் முந்தி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வீதியின் கணக்கையும் தெரிந்திருக்க வேண்டும். கொழும்பில் பாடசாலைகள் காலை 7.30க்குத் தொடங்கி பிற்பகல் 1.30க்கு விடுகின்றன. ஏழு மணிக்கும் எட்டு மணிக்கும் இடையில் நகருக்குள் வரும் எந்தப் பாதையும் நகராது. அது ஓய்வதற்குள் கந்தோர் நெரிசல் வந்துவிடும். ஒன்பது மணி நேர்முகப் பரீட்சைக்கு அந்த நேரத்தில் பஸ்ஸில் இருப்பதைவிட ஆறரைக்கே கொழும்புக்குள் வந்துவிடுவது நிம்மதி. எல்லோரும் காலை நெரிசலைக் கவனிக்கிறார்கள், பகல் நெரிசலை மறந்துவிடுகிறார்கள். இரண்டு மணி நேர்முகப் பரீட்சைக்கு ஒன்றேகாலுக்குப் புறப்படுகிறவர், பாடசாலை வான்கள் ஒன்றன்பின் ஒன்றாக வீதிக்கு இறங்கும் நேரத்தில் போய் மாட்டிக்கொள்கிறார். ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் பின்னேரத்தில் இடியோடு மழை கொட்டுவது வழக்கம். அந்த மாதங்களில் பின்னேர நேரத்தைத் தவிர்க்க முடியுமானால் தவிர்ப்பது நல்லது.

ரயிலில் வருகிறவர்களுக்கு ஒரே விதி. எந்த ரயிலில் வந்தால் சரியான நேரத்துக்குக் கோட்டையில் இறங்கலாமோ, அதற்கு முந்திய ரயிலில் ஏறுங்கள். அளுத்கமையிலிருந்தும் வெயாங்கொடையிலிருந்தும் தினமும் வேலைக்கு வரும் எங்கள் ஊழியர்கள் இதை எனக்குச் சொல்லித் தந்தார்கள். அதிவேகப் பாதையை நம்புகிறவர்களும் கவனிக்க வேண்டும். 2011 நவம்பரில் காலி வரை அது திறந்ததிலிருந்து, காலியிலிருந்து ஒரு மணித்தியாலத்தில் வந்துவிடலாம் என்று சொல்கிறார்கள். உண்மைதான், ஆனால் அந்த ஒரு மணித்தியாலம் கொட்டாவையில் முடிகிறது. கொட்டாவையிலிருந்து மகரகமை, நுகேகொடை வழியாகக் கொள்ளுப்பிட்டிக்கு வர எத்தனை நேரம் என்பது அன்றைய காலையைப் பொறுத்தது. யுத்த காலத்தில் நாங்கள் எந்தப் பயணத்துக்கும் சோதனைச் சாவடிக்கென்று ஒரு மணித்தியாலம் கூட்டித்தான் வைத்தோம். 2009இல் யுத்தம் முடிந்தது. சாவடிகள் போன இடத்துக்கு வாகனங்கள் வந்துவிட்டன.

முகவரியிலும் ஏமாற இடமிருக்கிறது. காலி வீதி என்று மட்டும் குறித்துக்கொண்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். அது கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை எல்லாவற்றையும் கடந்து தெஹிவளைக்கும் அப்பால் போகிற வீதி. கொழும்பு 3ஆ, 4ஆ, 6ஆ என்று கேட்டுக்கொள்ளாவிட்டால் அரை மணித்தியாலம் வீண். சில வீதிகளுக்குக் கடிதத்தில் ஒரு பெயர், வாயில் ஒரு பெயர். தர்மபால மாவத்தையை டரட் வீதி என்றும், ஆனந்த குமாரசுவாமி மாவத்தையை கிறீன் பாத் என்றும் சொல்லும் பழைய சாரதிகள் இன்னும் இருக்கிறார்கள். இயலுமானவர்கள் முந்திய நாளே ஒருமுறை போய் இடத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள். புறக்கோட்டைக்குள் வருகிறவர்களுக்குக் கான் மணிக்கூட்டுக் கோபுரம் நல்ல அடையாளம். பம்பாயிலிருந்து வந்து இங்கே தொழில் செய்த ஒரு பார்சிக் குடும்பம் 1923இல் அதைக் கட்டிக் கொடுத்தது. வியாபாரிகள் நிறைந்த இடத்துக்கு என்ன கொடுக்கலாம் என்று யோசித்து மணிக்கூடு ஒன்றைக் கொடுத்திருக்கிறார்கள். எனக்கு அவர்களின் யோசனை பிடிக்கும்.

எல்லாம் செய்தும் பிந்திவிட்டால்? பிந்தப் போகிறோம் என்று தெரிந்த அந்த நிமிடமே தொலைபேசி எடுங்கள். குறித்த மணி கடந்த பிறகு எடுப்பது அறிவித்தலாகாது, அது மன்னிப்புக் கோரல். எத்தனை நிமிடம் பிந்தும் என்பதைச் சரியாகச் சொல்லுங்கள். கடவத்தையில் பஸ்ஸில் இருந்துகொண்டு "கிராண்ட்பாஸ் வந்திட்டேன், அஞ்சு நிமிஷம்" என்று சொல்வது நமது நாட்டுப் பழக்கமாகிவிட்டது. அஞ்சு நிமிஷம் நாற்பது நிமிடமாகும்போது, பிந்தியதைவிடப் பொய் சொன்னதுதான் மனதில் நிற்கும். முப்பது நிமிடம் என்று சொல்லி இருபத்தைந்தில் வந்தால் யாரும் கோபிக்கப் போவதில்லை. வந்த பிறகு ஒரு வசனத்தில் மன்னிப்புக் கேட்டுவிட்டு விடயத்துக்குப் போங்கள். பஸ் பழுதான கதையை முழுதாகச் சொன்னால் ஒதுக்கிய இருபது நிமிடத்தில் ஐந்து போய்விடும்.

முதலாளிமார் இதை எப்படி எடைபோடுவது? நான் முதலில் பார்ப்பது அந்த வேலையை. காலையில் கடை திறக்கும் சாவி யாரிடம் இருக்கிறதோ அவர் பிந்தினால், நான்கு ஊழியர்களும் சாமான் இறக்க வந்த லொறியும் வீதியில் நிற்க வேண்டி வரும். பழைய சோனகத் தெரு போன்ற இடத்தில் ஒரு லொறி அரை மணித்தியாலம் நின்றால் பின்னால் வருகிற எல்லோரும் நம்மைத்தான் ஏசுவார்கள். அந்த வேலைக்கு வருகிறவர் முதல் நாளே அறிவிக்காமல் பிந்தினால் நான் எடுக்க மாட்டேன். கணக்கு எழுதும் வேலைக்கோ விற்பனைக்கு ஊர் சுற்றும் வேலைக்கோ வருகிறவர் பத்து நிமிடம் பிந்தினார் என்பதற்காக அவரின் மற்றத் தகுதிகளைத் தள்ளிவிட மாட்டேன். அறிவித்தாரா, அறிவித்தது உண்மையா என்று பார்ப்பேன். முன்னர் சொன்ன களஞ்சிய வேலைக்கு நாங்கள் எடுத்தவர் மாவனல்லைக்காரர். பத்து நிமிடம் பிந்தித்தான் வந்தார். வரக்காபொலையில் வீதி அடைபட்டிருக்கிறது, பிந்தும் என்று ஒன்றேகால் மணித்தியாலத்துக்கு முன்பே சொல்லியிருந்தார். கடைக்குச் சாமான் பிந்தினாலும் வாடிக்கையாளருக்கு இப்படித்தான் முந்தி அறிவிப்பார் என்று நினைத்தேன்.

நேரம் வைத்தவரே பிந்தினால் என்ன நடக்கும் என்பதற்கு ஓர் உதாரணம். எனக்குத் தெரிந்த புடவை வியாபாரி ஒருவர், பெயர் வேண்டாம், கணக்கு வேலைக்கென்று ஏழு பேரை ஒரே நேரத்துக்கு, ஒன்பது மணிக்கு வரச் சொல்லியிருந்தார். உட்கார மூன்று கதிரை. அவர் வந்து சேரும்போது 11.20. வந்தவர்களில் ஏ.ஏ.டி. முடித்த ஒரு பெண்பிள்ளை இருந்தது. வாப்பா அரைநாள் லீவு போட்டுக்கொண்டு கூட வந்திருக்கிறார். பத்தேகால் வரை இருந்துவிட்டு இருவரும் எழுந்து போய்விட்டார்கள். மாலையில் அவர் என்னிடம் குறைப்பட்டார்.

"இந்தக் காலத்துப் புள்ளைகளுக்குப் பொறுமையே இல்ல. ஆயிரம் வேலையோட இருக்கிற மனுசன், கொஞ்சம் பிந்தாதா?"

"அந்தப் புள்ளட வாப்பாவுக்கும் வேல இருந்ததுதானே நானா?" என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "கெஷியர்கிட்டயாவது ஒரு சொல்லு சொல்லி விட்டிருக்கலாம்" என்றார். அந்தப் பிள்ளை வேறொரு கம்பனியில் சேர்ந்துவிட்டது. அவர் கணக்கை வெளியில் ஒருவரிடம் கொடுத்துச் செய்விக்கிறார். மாதம் கொடுக்கும் தொகை அந்தப் பிள்ளைக்குப் பேச இருந்த சம்பளத்தைவிட அதிகம், வருமான வரிக்காரர் ஏதும் கேட்டால் தேடிப் போகவும் வேண்டியிருக்கிறது. முதல் நாளில் இரண்டு மணித்தியாலம் காக்க வைக்கும் இடத்தில் சம்பள நாளும் தள்ளிப் போகும் என்று அந்தத் தகப்பன் நினைத்திருந்தால் அவரைக் குற்றம் சொல்ல முடியாது.

பெண்பிள்ளைகளை வரச் சொல்லும்போது இன்னொன்றையும் பார்க்க வேண்டும். பின்னேரம் ஐந்து மணி என்று வைத்தால் வீடு போகும்போது இருட்டிவிடும். கூட வருகிற ஆளுக்கும் ஒரு நாள் போகிறது. காலை நேரத்தைக் கொடுங்கள்.

வெள்ளிக்கிழமைப் பிரச்சினையை நமது பிள்ளைகள் பலர் கேட்கிறார்கள். கம்பனியிலிருந்து வெள்ளிக்கிழமை 12.30 என்று கடிதம் வந்தால் என்ன செய்வது? கடிதம் கிடைத்த அன்றே தொலைபேசியில் பேசி, ஜும்ஆ தொழுகைக்காக 12க்கும் 1.30க்கும் இடையில் வர முடியாது, காலையிலோ இரண்டு மணிக்குப் பிறகோ தர முடியுமா என்று மரியாதையாகக் கேளுங்கள். நாட்கள் இருக்கும்போது கேட்டால் பெரும்பாலும் மாற்றித் தருவார்கள். அன்று காலையில் கேட்டாலோ, கேட்காமல் இரண்டு மணிக்குப் போய் நின்றாலோ வேலையும் போகும், அடுத்து வருகிற பிள்ளைக்கும் கெட்ட பெயர். பதினொரு மணி நேரத்தை ஏற்பதாக இருந்தாலும் யோசித்து ஏற்க வேண்டும். அவர்கள் பக்கத்தில் ஒரு மணித்தியாலம் பிந்தினால் நடுவில் எழுந்து போக வேண்டி வரும். நோன்பு காலத்தில் நமது கடைகளுக்கு ஆள் பார்ப்பவர்கள் பின்னேரம் நான்கு மணிக்குப் பிறகு யாரையும் வரச் சொல்லாதிருப்பது நல்லது. நோன்பு திறக்க வீடு போகும் அவசரத்தில் வருகிறவரும் ஒழுங்காகப் பதில் சொல்ல மாட்டார், நாமும் ஒழுங்காகக் கேட்க மாட்டோம்.

இப்போது சில நேர்முகப் பரீட்சைகள் கணினியிலேயே நடக்கின்றன. பயணம் இல்லைதானே என்று பிள்ளைகள் கடைசி நிமிடத்தில் உட்காருகிறார்கள். இணைப்பு வேலை செய்கிறதா, சத்தம் கேட்கிறதா என்று அரை மணித்தியாலம் முந்திப் பார்த்துவிட்டு, ஐந்து நிமிடம் முந்தி உள்ளே போக வேண்டும். 2022இல் மின்வெட்டு நேரத்தில் எத்தனையோ பேருக்கு இது நடுவில் அறுந்து போனது. கையடக்கத் தொலைபேசியை முழுதாகச் சார்ஜ் பண்ணிப் பக்கத்தில் வைத்திருப்பது நல்லது.

கடைக்காரர்களின் ஆண்பிள்ளைகளைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. சிறு வயதிலிருந்து அவர்கள் கடைக்குப் பத்தரைக்கும் வருவார்கள், பதினொன்றுக்கும் வருவார்கள். முதலாளியின் மகனுக்குக் கணக்குப்பிள்ளை எழுந்து இடம் கொடுப்பார். யாரும் ஏன் பிந்தினாய் என்று கேட்டதில்லை. பரீட்சையில் நல்ல பெறுபேறு எடுத்திருப்பார்கள், ஆங்கிலமும் நன்றாகப் பேசுவார்கள். ஆனால் 9.30 என்றால் 9.30 என்பது அவர்களின் உடம்புக்குத் தெரியாது. வீட்டில் "வாகனத்தில் இறக்கி விடுகிறோம்" என்று சொல்லி, வாப்பா குளித்துச் சாப்பிட்டு வெளிக்கிடும் வரை பிள்ளை காத்திருக்கும். நேர்முகப் பரீட்சைக்குப் போகும் பிள்ளையைத் தனியாகப் பஸ்ஸில் அனுப்புங்கள். பாடசாலை விடுமுறையில் கடைக்கு வந்து நிற்கும் பிள்ளைக்கும் மற்ற ஊழியர்களைப் போலவே வரும் நேரத்தைப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். எங்கள் கடையில் அப்படித்தான். ஆரம்பத்தில் வீட்டில் கொஞ்சம் முணுமுணுப்பு இருந்தது.

கடைசியாக, முடிவைச் சொல்லும் நேரம். "பாத்துச் சொல்றோம்" என்று அனுப்பிவிட்டுப் பேசாமல் இருப்பது நமது கடைகளில் சர்வ சாதாரணம். வந்தவர் அந்தச் சொல்லை நம்பி வேறிடத்தில் வந்த வேலையைப் பிடித்து வைத்துக்கொண்டு இருப்பார். வியாழக்கிழமைக்குள் சொல்வோம் என்று ஒரு நாளைக் குறித்துக் கொடுங்கள். அந்த நாளில் கிடைத்தவருக்கு மட்டுமல்லாமல் கிடைக்காத நான்கு பேருக்கும் சொல்லுங்கள். ஐந்து தொலைபேசி அழைப்புக்குக் கால் மணித்தியாலம் போகாது. கணக்குப்பிள்ளையிடம் விட்டால் கிடைத்தவருக்கு மட்டும்தான் சொல்வார், மற்ற நான்கையும் நீங்களே எடுங்கள்.